தொகையும் நெருக்கமும்

1810ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஃபிராங்ஃபர்ட் என்னும் ஊருக்கு அருகே, ஸ்காட்லாந்தில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, கவிதையும் எழுதிப் பார்த்து, கடைசியில் பட்சி சாஸ்திரத்தில் மனம் ஊன்றிவிட்ட அலெக்ஸாண்டர் வில்ஸன் என்பவர், தம் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்த புறாக் கூட்டம் ஒன்றைப் பார்த்தபடி நின்றார். ‘பாஸெஞ்சர் பிஜன்’ என்று ஆங்கிலத்தில் வழங்கிய அந்தப் புறா வட அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. ஓக் மரமும் பீச் மரமும் எங்கே காய்த்துச் சொரிகின்றனவோ அங்கே போய் இறங்குவதும், தின்று தீர்ந்தபின் வேறு காட்டுக்குப் பெயர்வதுமாக வாழ்ந்த பறவை அது. பகல் ஒரு மணி வாக்கில் கண்ணில் பட்ட கூட்டம் மாலையிலும் முடிந்தபாடில்லை. வில்ஸன் கணக்குப் போட்டார்: கூட்டத்தின் அகலம் ஒரு மைல், வேகம் நிமிஷத்துக்கு ஒரு மைல், கடந்துபோக ஆன நேரம் நான்கு மணி, ஆகவே நீளம் 240 மைல், ஒரு சதுர கஜத்துக்கு மூன்று பறவைகள். பெருக்கிப் பார்த்தால் 223 கோடியே 2 லட்சத்து 72 ஆயிரம் புறாக்கள். அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு அரைப் பைண்ட் கொட்டை தின்றால் அக்கூட்டத்துக்கு அன்றாடம் 1 கோடியே 74 லட்சத்து 24 ஆயிரம் புஷல் தீனி வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, அதே மாகாணத்தில் லூயிவில் நகரை நோக்கிப் பயணம் போய்க்கொண்டிருந்த பறவை ஓவியர் ஆடுபான் வேறொரு வழியை முயன்றார். குதிரையிலிருந்து இறங்கி ஒரு மேட்டில் உட்கார்ந்து, கடந்து செல்லும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். 21 நிமிஷத்தில் 163 புள்ளிகள் விழுந்தன. இது ஆகாத காரியம் என்று எழுந்துவிட்டார். பிறகு அவரும் வில்ஸனைப் போலவே, சதுர கஜத்துக்கு இரண்டு பறவை என்று வைத்து, 180 சதுர மைலால் பெருக்கி, 111 கோடியே 51 லட்சத்து 36 ஆயிரம் என்று எழுதினார். இந்த எண்களின் நுணுக்கத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆயிரம் வரைக்கும் திருத்தமாக நிற்கும் அந்தத் தொகைக்கு அடியில் இருப்பதெல்லாம் கண்மதிப்பாகச் சொன்ன ‘மூன்று’, ‘இரண்டு’ என்ற சின்னஞ்சிறு எண்கள்தாம். ஆயினும் இவ்விரு மனிதர்களும் செய்த காரியம், அறிந்தோ அறியாமலோ, பின்னாளில் உயிரியல் முழுவதற்கும் வழக்கமாகிவிட்டது. கடலில் உள்ள மீனையும் காட்டில் உள்ள மானையும் ஒன்றொன்றாக எண்ணி முடித்தவர் எவரும் இலர். ஒரு சிறு பரப்பில் எத்தனை என்று கண்டுகொண்டு, அதை மொத்தப் பரப்பால் பெருக்கித்தான் தொகையைச் சொல்கிறோம். அடர்த்திதான் நம் கைக்கு முதலில் கிட்டுவது. தொகை அதிலிருந்து வருவிக்கப்பட்டது. பேசும்போது மட்டும் முறையைத் தலைகீழாக்கி, தொகை ஏதோ கண்கூடான பொருள் போலவும், அடர்த்தி அதைப் பரப்பால் வகுத்து வந்த வெறும் ஈவு போலவும் நடந்துகொள்கிறோம்.

பள்ளிப் பாடப் புத்தகம் இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும்: ஓர் இனத்தைச் சேர்ந்த பிராணிகள் ஓரிடத்தில் மொத்தம் எத்தனை என்பது தொகை, ஓர் அலகுப் பரப்புக்கோ கன அளவுக்கோ எத்தனை என்பது அடர்த்தி. இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இவை இரண்டும் யாருக்கு உரியவை என்ற கேள்வியை அது கேட்பதில்லை. ஒரு புறாவுக்குத் தன் இனம் 200 கோடியா 200தானா என்று தெரிய எந்த உபாயமும் கிடையாது. பக்கத்துக் கிளையில் இன்னொரு புறா அடைகாக்கிறதா, கீழே சொரிந்த கொட்டையை எத்தனை அலகுகள் தன்னோடு சேர்ந்து பொறுக்குகின்றன, பருந்து பாயும்போது தன்னைத் தவிர வேறு எத்தனை உடல்கள் அதன் பாதையில் இருக்கின்றன என்பனவே அதன் வாழ்வையும் சாவையும் நிர்ணயிக்கும் விஷயங்கள். தொகை எண்ணுகிறவனுடைய சொத்து. நெருக்கம்தான் பிராணியின் அனுபவம். நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இது உதாரணங்களில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் ‘பரப்பு’ என்று சொல்லுகிறோமே, அது எந்தப் பரப்பு? ஃப்ளோரிடாவின் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே வாழும் மரநாரை, நம் ஊர் மஞ்சள்மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஃபிலிப் கால் என்ற ஆராய்ச்சியாளர் 1960களில் அதன் உணவு முறையை ஆராய்ந்தபோது, மழைக்காலத்தில் நீர் எங்கும் பரந்து மீன்களின் தொகை மிகுதியாக இருக்கையில் அந்த நாரை கூடு கட்டுவதில்லை என்பதும், வறண்ட பருவத்தில் நீர் வற்றி, மீன்களில் பல இரையாகியும் செத்தும் போனபின், எஞ்சியவை ஆங்காங்கே குட்டைகளில் நெருங்கிக் கிடக்கும்போதுதான் அது குஞ்சு பொரித்து வளர்க்கிறது என்பதும் புலப்பட்டன. மொத்த நிலப்பரப்பால் வகுத்தால் மீனின் அடர்த்தி நாளுக்கு நாள் இறங்குகிறது. மீன் உண்மையில் கிடக்கும் நீர்ப்பரப்பால் வகுத்தால் நாளுக்கு நாள் ஏறுகிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உண்மையாக இருக்கின்றன. முன்னதைப் பொதுப்படையான அடர்த்தி என்றும், பின்னதை வாழிட அடர்த்தி என்றும் சூழலியலார் பிரித்து வைத்ததற்கு இது நல்ல சான்று.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. மரநாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைச் சற்றே திறந்து கலங்கல் நீரில் அமிழ்த்தி நடக்கும். மீன் வந்து அலகில் பட்ட மாத்திரத்தில் அது மூடிக்கொள்ளும். ஸ்பரிசத்தை நம்பி வாழும் பறவைக்கு ஏரியில் எத்தனை ஆயிரம் மீன் இருந்தால் என்ன, அலகில் வந்து இடிக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லாவிட்டால்? சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஐப்பசி கார்த்திகையில் நிரம்பிய கண்மாயில் எவரும் ஊத்தாவோடு இறங்குவதில்லை. கோடையில் நீர் முழங்கால் அளவுக்கு வற்றியபின் ஒரு நாள் குறித்து, ஊரே கூடி இறங்கி, கண்ணை நம்பாமல் கலங்கல் நீரில் ஊத்தாவைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கைவிட்டுத் துழாவுகிறது. அந்த ஜனங்கள் எந்தச் சாஸ்திரமும் படிக்காமலே நாரையின் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

புலியின் கணக்குக்கு வருவோம். பத்திரிகைகளில் நாம் படிப்பதெல்லாம் தேசத்தின் மொத்தத் தொகைதான்: 1972இல் 1,827, 2006இல் 1,411, 2022இல் 3,682. இவற்றில் முதல் எண், காலடித் தடங்களைப் பார்த்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு எண்ணிவிட்டதாக நம்பிய காலத்து எண். பிந்தியவை வேறு முறைகளில் வந்தவை. அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி ஏற்றம் இறக்கம் பேசுவது எனக்கு எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் காமிராக்களை வைத்து, ஒவ்வொரு புலியின் உடலிலும் உள்ள வரிகளின் வேறுபாட்டைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி, எண்ணுவதை விட்டு அடர்த்தியை மதிப்பிடும் வழியில் சென்றது. அவ்வழியில் பார்த்தால் தேசத்துத் தொகையில் தெரியாத ஓர் உண்மை தெரியவரும்: மானும் காட்டெருமையும் மலிந்த நாகரஹொளேயில் 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துக்கு மேற்பட்ட புலிகள் வாழக்கூடும், ருஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் பனி மூடிய காடுகளில் அதே பரப்புக்கு ஒரு புலிகூடத் தேறாது. அங்கே ஒரு பெண்புலி தனக்கென்று காத்துக்கொள்ளும் எல்லை சுமார் 400 சதுர கிலோமீட்டர். இங்கே அதில் இருபதில் ஒரு பங்கே போதுமானதாக இருக்கிறது. இரையின் நெருக்கமே புலியின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது. புலிக் காட்டைக் காப்பதென்றால் முதலில் புள்ளிமானைக் காக்க வேண்டும் என்று வனத்துறையினர் சொல்லிவருவதன் கணித உருவம் இது.

நெருக்கம் மிகுந்தால் நேரும் கேட்டுக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது பேரிங் கடலில் உள்ள செயின்ட் மாத்யூ தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் 29 ரெயின்டீர் மான்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பகைவிலங்கு ஏதுமற்ற அந்த 128 சதுர மைல் தீவில் அவை 1957இல் 1,350 ஆகவும், 1963இல் 6,000 ஆகவும் பெருகின. 1966இல் டேவிட் கிளைன் போய்ப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 42, அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று. 6,000 என்பது ரெயின்டீருக்குப் பெரிய தொகை அன்று. சைபீரியாவில் அதனினும் பன்மடங்கான மந்தைகள் உண்டு. சதுர மைலுக்கு 47 என்ற நெருக்கமும், பனிக்காலத்தில் தின்பதற்கு இருந்த கற்பாசி தேய்ந்து தீர்ந்துபோனதும், ஒரு கொடிய குளிர்காலமும் சேர்ந்தே அவற்றைக் கொன்றன. கொல்லும் முன்பே உடலில் அறிகுறி தெரிந்தது: 1957இல் கொழுத்திருந்த மான்கள் 1963இல் எடை குறைந்து மெலிந்திருந்தன. இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதாலும், சொல்கிறவர்கள் உடனே மனிதகுலத்தின் மீது அதை ஏவிவிடுவதாலும், நான் அதை நீட்ட விரும்பவில்லை.

என்னை வியப்பில் ஆழ்த்துவது வெட்டுக்கிளியின் கதைதான். ஏனெனில் அங்கே நெருக்கம் பிராணியை வாழவைப்பதோடும் சாகடிப்பதோடும் நிற்காமல், அதை வேறொரு பிராணியாகவே ஆக்கிவிடுகிறது. நூறாண்டுகளுக்கு முன்பு வரை, கூட்டமாகப் பறந்து நாடுகளை அழிக்கும் வெட்டுக்கிளி ஓர் இனம் என்றும், அதே நிலத்தில் தனித்தனியே புல்லில் மறைந்து வாழும் சாதுவான கிளி வேறோர் இனம் என்றும் பூச்சியியலார் வகுத்து, தனித்தனிப் பெயரும் சூட்டியிருந்தார்கள். காகசஸ் மலைக்கு வடக்கே ஸ்டாவ்ரபோல் பிரதேசத்தில் வெட்டுக்கிளியை ஒடுக்கும் உத்தியோகம் பார்த்த பரீஸ் உவாரவ், ருஷ்யப் புரட்சிக்குப் பின் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர், 1921இல் வெளியிட்ட கட்டுரையில் இவை இரண்டும் ஒரே இனம், தனித்து வாழ்ந்தால் ஒரு நிலை, கூடி வாழ்ந்தால் இன்னொரு நிலை என்று துணிந்து கூறினார். துர்க்கிஸ்தானத்தில் ப்லோத்னிகவ் என்பவர் ஒன்றின் குஞ்சுகளை நெருக்கி வளர்த்து மற்றதாக மாறக் கண்டது அவருக்குத் துணை நின்றது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஃபோர் என்பவரும் அங்குள்ள பழுப்பு வெட்டுக்கிளியில் இதே முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பாலைவன வெட்டுக்கிளியில் இந்த மாற்றம் தெளிவாகப் புலப்படும். தனித்து வளரும் குஞ்சு பச்சை நிறம். தன் இனத்தைக் கண்டால் விலகிப் போகும். வளர்ந்தபின் இரவில் பறக்கும். நெருங்கி வளர்ந்தால் அதே தாயின் குஞ்சு கறுப்பும் மஞ்சளுமாக மாறி, தன் இனத்தைத் தேடிச் சேர்ந்து, பட்டாளம்போல் அணிவகுத்து நடந்து, சிறகு முளைத்ததும் பட்டப்பகலில் பறக்கும். நிறம் மாற ஒரு தலைமுறையோ அதற்கு மேலோ ஆகலாம். சுபாவம் மாறச் சில மணி நேரமே போதும். அந்த மாற்றத்துக்கான திறவுகோல் அதன் உடலில் எங்கே இருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் சிம்ப்ஸனும் கூட்டாளிகளும் தேடினார்கள். தனித்து வளர்த்த கிளியின் உடலில் பல இடங்களை ஒவ்வொன்றாக மெல்லிய தூரிகையால் தடவிப் பார்த்தார்கள். மற்ற எந்த இடத்தைத் தடவியும் பயனில்லை. பின்னங்கால் தொடையின் வெளிப்புறத்தை நிமிஷத்துக்குச் சில வினாடி வீதம் நான்கு மணி நேரம் தடவியதும், வேறு கிளி ஒன்றையும் கண்டறியாத அந்தப் பூச்சி கூட்டத்தை நாடும் பூச்சியாகிவிட்டது. 2001இல் இது வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, அந்தத் தீண்டலின் விளைவாக அதன் நரம்பு மண்டலத்தில் செரடோனின் என்ற ரசாயனம் பெருகுவதே இதன் காரணம் என்றும் கண்டார்கள். கூட்டத்தில் இடிபடும்போது ஒரு வெட்டுக்கிளிக்கு இயல்பாக உராயும் இடம் அந்தத் தொடைதான். (அடுத்தவன் முழங்கால் இடிக்க இடிக்க மனிதனுக்கு வருவது பகைமை, பஸ்ஸில் போகிற எவருக்கும் தெரியும். இந்தப் பூச்சிக்கோ அதுவே சிநேகமாகப் போய்விடுகிறது.) கூட்டத்தில் வாழ்ந்த தாய் முட்டையிடும்போது அதைச் சுற்றிப் பூசும் நுரையின் வழியாக, பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கும் அந்த நெருக்கத்தின் சேதியை அனுப்பிவைக்கிறாள்.

இவ்வாறிருக்க, பாலைவன வெட்டுக்கிளி தணிந்து வாழும் காலங்களில் மோரிடானியா தொடங்கி இந்தியா வரைக்கும் 1 கோடியே 60 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கிறது என்பதையும், கூட்டமாகத் திரண்டபின் ஒரே சதுர கிலோமீட்டரில் 4 கோடி முதல் 8 கோடி வரை அடங்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் மொத்தத் தொகை எவ்வளவு இருந்தாலும் எந்த விவசாயிக்கும் கவலையில்லை. அப்படியானால் ஆபத்தை அளக்கும் கோல் சராசரி அடர்த்திதானா? அதுவும் போதாது என்று அதே ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த இன்னொரு சோதனை காட்டியது. சம அளவுள்ள களங்களில் சம எண்ணிக்கையில் கிளிகளை விட்டு, சிலவற்றில் செடிகளைப் பரவலாகவும் சிலவற்றில் ஓரிடத்தில் குவித்தும் வைத்தார்கள். செடி குவிந்திருந்த களங்களில் கிளிகள் தீனிக்காக ஓரிடத்தில் வந்து இடித்துக்கொண்டு, கூட்ட சுபாவம் பெற்றன. செடி பரந்திருந்த களங்களில் அவ்வாறு ஆகவில்லை. தொகை ஒன்று, பரப்பு ஒன்று, வகுத்து வந்த ஈவும் ஒன்று. விளைவு மட்டும் வேறு. மழை பெய்து பாலை எங்கும் பசுமையாகும்போது பெருகிய கிளிகள், நிலம் காய்ந்து பசுமை ஆங்காங்கே திட்டுத் திட்டாக ஒடுங்கும்போதுதான் படையாகத் திரளுகின்றன என்பதை வெட்டுக்கிளிக் காவலர்கள் முன்னமே அறிவார்கள். அதன் உட்காரணம் இது.

மான்ட்டி லாயிட் என்ற சூழலியலார் 1967இல் இதற்கென்றே ஓர் அளவையை முன்வைத்தார். நான்கு வயல்களில் நாற்பது பூச்சிகள் இருப்பதாகக் கொள்வோம். வயலுக்குப் பத்தாகப் பரவியிருந்தாலும், நாற்பதும் ஒரே வயலில் கிடந்து மற்ற மூன்றும் வெறிச்சோடியிருந்தாலும், சராசரி அடர்த்தி வயலுக்குப் பத்துதான். ஆனால் கேள்வியை வயலிடம் கேட்காமல் பூச்சியிடம் கேட்டுப் பாருங்கள்: உன் வயலில் உன்னைத் தவிர எத்தனை பேர்? முன்னதில் ஒவ்வொரு பூச்சியும் ஒன்பது என்று சொல்லும். பின்னதில் ஒவ்வொன்றும் முப்பத்தொன்பது என்று சொல்லும். சராசரி நெருக்கடி என்று அவர் குறித்த இந்த அளவை கணிதத்தில் எளியது. ஆனாலும் அளக்கிறவனின் இடத்திலிருந்து அளக்கப்படும் பிராணியின் இடத்துக்குக் கணக்கை மாற்றியதில், உயிரியலில் நான் படித்த நேர்மையான காரியங்களில் ஒன்று என்று அதை மதிக்கிறேன்.

இந்த நெருக்கமே பிராணிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றும், இல்லை, வெயிலும் மழையும்தான் கட்டுப்படுத்துகின்றன என்றும் 1950களில் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. நிக்கல்ஸன் என்ற பூச்சியியலார் கூண்டுக்குள் ஈக்களை வளர்த்து அவை நெருங்கிப் பெருகுவதும் சரிவதுமாக ஊசலாடுவதைக் காட்டினார். ஆண்ட்ரவார்த்தா, பர்ச் என்ற இருவரும், அடிலெயிட் ரோஜாப் பூக்களில் இலைப்பேனைப் பல ஆண்டுகள் எண்ணி வந்த கணக்கைக் கொண்டு, பருவநிலையே போதிய காரணம் என்றார்கள். பின்னால் வந்தவர் ஒருவர் அதே ரோஜாக் கணக்கிலேயே நெருக்கத்தின் சுவட்டைக் கண்டு சொன்னார். ஈ வளர்த்தவர் கண்ணுக்கு நெருக்கம் தெரிந்ததும், தோட்டத்தில் நின்றவர் கண்ணுக்கு வானம் தெரிந்ததும் இயல்பே. எலிகளை அடைத்து வைத்து அவற்றின் ஒழுக்கம் கெடுவதைக் கண்ட கல்ஹூன் என்ற அமெரிக்கரின் சோதனைகளைக் கொண்டு மாநகரங்களுக்குச் சாபமிட்டவர்களும் உண்டு. சுவரும் கதவும் வரிசையும் மரியாதையும் உண்டாக்கிக்கொள்ளத் தெரிந்த மனிதனுக்கு எலியின் கணக்கை அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை.

நெருக்கம் என்றாலே தீமை என்ற எண்ணத்தை மறுத்தவர் சிக்காகோ சர்வகலாசாலையில் இருந்த வார்டர் ஆலி. கூழ்ம நிலையிலுள்ள வெள்ளி கலந்த நஞ்சு நீரில் தங்கமீன்களைத் தனித்தனியே விட்டபோது அவை சீக்கிரம் மாண்டன. அதே அளவு நீரில் பத்து மீன்களை ஒருங்கே விட்டபோது அவற்றின் உடலிலிருந்து கசிந்த சளி நஞ்சைப் படியவைத்து, எல்லாமே கூடுதல் நேரம் பிழைத்தன. நெருக்கம் ஓர் அளவுக்கு மேல் போனால் கேடு, ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலும் கேடு என்பது இவர் 1930களில் நிலைநாட்டிய கொள்கை. வில்ஸன் பார்த்த புறாக்களின் முடிவை இதைக் கொண்டுதான் பலர் விளக்குகிறார்கள். 1871இல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் அவை கூடு கட்டிய காடு 850 சதுர மைல் பரந்திருந்தது என்றும், அங்கே அடைகாத்தவை 13 கோடியே 60 லட்சம் இருக்கும் என்றும் ஷோர்கர் என்ற ஆராய்ச்சியாளர் பின்னாளில் கணக்கிட்டார். ஏக்கருக்கு 250 பறவைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே முட்டை. மறைவான கூடு கட்டத் தெரியாத, தற்காப்புக்கு வேறு வழியற்ற பறவை அது. பருந்தும் நரியும் மரநாயும் தின்று தின்று சலித்துப்போகும் அளவுக்கு ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் குஞ்சு பொரிப்பதே அதன் கோட்டையாக இருந்தது.

அந்தக் கோட்டைக்கு வெளியே நின்ற பகைவனுக்கு வயிறு நிறைந்தால் போதும் என்ற வரம்பு இருந்தவரை அது நிலைத்தது. தந்தியும் ரயிலும் வந்தபின், புறாக்கள் எந்தக் காட்டில் இறங்கின என்ற செய்தி மறுநாளே வேட்டைக்காரர்களுக்கு எட்டியது. அவற்றின் இறைச்சி பீப்பாய் பீப்பாயாகக் கிழக்கு நகரங்களின் சந்தைக்குப் போயிற்று. சலிப்பே இல்லாத சந்தைக்கு முன்னால், நெருக்கம் கோட்டையாக இருந்தது போய்க் கண்ணியாக மாறியது. மிச்சிகனில் பெடாஸ்கி நகரருகே 1878இல் நடந்த பெரும் கொலைக்குப் பின்னும் அவை ஆயிரக்கணக்கில் இருந்தன. வேறெந்தப் பறவைக்கும் தாராளமாகப் போதுமான அத்தொகை இவற்றுக்குப் போதவில்லை. சிறு கூட்டமாகக் கூடு கட்டியபோது காட்டு விலங்குகளே அவற்றின் முட்டைகளை முடிக்கப் போதுமானவையாக இருந்திருக்க வேண்டும். கூண்டில் சில ஜோடிகள் குஞ்சு பொரித்தது உண்டு. எனவே கூட்டம் இல்லாவிட்டால் அவற்றுக்கு இனப்பெருக்கமே இயலாது என்று சொல்வதற்கில்லை. பாதுகாப்பு போயிற்று என்பதே பொருத்தம். 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் இறந்த மார்த்தா என்ற பறவையோடு அந்த இனம் முடிந்தது என்பது எல்லோரும் அறிந்த செய்தி.

எல்லோரும் அறியாத ஒன்று அதே கண்டத்தில், அதே தலைமுறையில் நடந்தது. 1875இல் நெப்ராஸ்காவுக்கு மேலே ராக்கி மலை வெட்டுக்கிளிகள் ஐந்து நாள் பறந்தன. ஆல்பர்ட் சைல்ட் என்ற மருத்துவர் அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தந்தி அடித்து விசாரித்து, கூட்டம் 110 மைல் அகலம், 1,800 மைல் நீளம், ஆக 1,98,000 சதுர மைல் என்று மதிப்பிட்டார். தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பின்வந்தவர்கள் அதில் மூன்றரை லட்சம் கோடிப் பூச்சிகள் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். முப்பது ஆண்டு செல்லவில்லை. 1902இல் கனடாவில் பிடித்ததற்குப் பின் அந்த இனத்தில் ஒன்றையும் உயிரோடு கண்டவரில்லை. எவரும் அதைத் திட்டமிட்டு ஒழித்துவிடவில்லை. நெருப்பு, தார்த் தட்டு, பரிசுப் பணம் என்று செய்தவையெல்லாம் பெரும்பாலும் வீணாயின. வயோமிங் சர்வகலாசாலையின் ஜெஃப்ரி லாக்வுட் கண்ட காரணம் இது: சமவெளி எங்கும் பறந்தது பெருகிய காலத்துக் கூட்டமே; அடங்கிய காலங்களில் அந்த இனம் ராக்கி மலையடிவாரத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் மணற்பாங்கான சிறு நிலங்களில் ஒதுங்கி முட்டையிட்டு வந்தது; குடியேறிய விவசாயிகள் நல்ல நிலம் என்று முதலில் உழுததும், வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியதும், மாடு மேய்த்ததும் அந்த நிலங்களையே. விரிந்த காலத்துப் பரப்பைப் பார்த்துப் பயந்தவர்கள், ஒடுங்கிய காலத்துப் பரப்பைத் தங்கள் கலப்பைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள்.

உவாரவின் கொள்கை பரவிய பிறகு சிலருக்கு ஒரு சந்தேகம், நம்பிக்கை என்றும் சொல்லலாம், எழுந்தது: அந்த இனம் அழியவே இல்லாமல், இன்றும் அமெரிக்கப் புல்வெளிகளில் சாதாரணமாகத் திரியும் ஒரு வெட்டுக்கிளியின் கூட்ட நிலையாக மட்டும் அது இருந்திருந்தால்? நெருக்கினால் திரும்பி வருமே. அந்தச் சாதாரணக் கிளியைக் கூண்டில் நெருக்கி வளர்த்து, நிறத்திலும் சிறகின் நீளத்திலும் பழையதன் சாயல் தெரிகிறது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அருங்காட்சியகங்களில் இருந்த ஆண் பூச்சிகளின் உறுப்பமைப்பையும், மலையில் உறைந்த பனியாறுகளிலிருந்து எடுத்த பழைய உடல்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் அது தனி இனமே என்று முடிவாகிவிட்டது. புல்வெளிக் கிளியை எவ்வளவு நெருக்கி வளர்த்தாலும் கிடைக்கப்போவது நெருக்கி வளர்த்த புல்வெளிக் கிளிதான்.